டீசல் ரயிலில் ஏறமாட்டேன் என்றவரோடு குன்னூர் மலை ஏறிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஊட்டியைப் பற்றிய கட்டுரை இல்லை. ஊட்டியில் என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் உள்ள இருபத்தெட்டுக் கிலோமீற்றரைப் பற்றியது. அந்தத் தூரத்தை நீராவி எஞ்சின் பூட்டிய ரயிலில் ஏற வேண்டும் என்பதற்காகவே இந்த ஆண்டு மாசி மாதம் நானும் என் கணவரும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து கடல் கடந்து போனோம். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். ஊரிலும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

காரணம் என் வீட்டுக்காரர். பெயர் சிவநேசன், வயது நாற்பத்தொன்பது, கோப்பாயில் லாண்ட்மாஸ்ரர் என்கிற கை உழவு இயந்திரம், தண்ணீர் பம்பி எல்லாம் திருத்துகிற கராஜ் வைத்திருக்கிறார். இந்த மாசி வரைக்கும் மனிதர் ஒரு ரயிலிலும் ஏறியதில்லை. அவர் சின்னப் பையனாய் இருந்தபோது யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றுபோனது. திரும்பி வர இருபத்திநாலு வருடம் ஆனது. வந்த நாளில் ஊரே கோண்டாவில் ஸ்டேசனுக்குப் போய் வேடிக்கை பார்த்தது. பிறந்த பிறகு முதல்முதலாக ரயிலைக் கண்ட பெரிய மனிதர்கள் அன்றைக்கு நிறையப் பேர். இவரும் போனார், பார்த்தார், திரும்பி வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"உது டீசல் எஞ்சின். என்ரை லாண்ட்மாஸ்ரரும் டீசல்தான். உதிலை ஏற நான் என்னத்துக்குக் காசு குடுக்கவேணும்? ஏறினால் புகை விடுற ரெயிலிலைதான் முதல் ஏறுவன்."

சும்மா பகிடிக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பகிடி இல்லை. அன்றிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் பஸ்தான். இரவிரவாய் கால் வீங்க பஸ்ஸில் இருந்து போவார், ரயிலில் ஏறமாட்டார். கலியாணத்துக்குப் போன இடத்தில் சொந்தக்காரர் எல்லாம் ரயிலில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வர, நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் பிள்ளைப் புத்தகத்தில் புகைவண்டியின் படம் பார்த்து வளர்ந்த மனிதர், அந்தப் படத்தைத்தான் ரயில் என்று நம்பிக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்கு விளங்கியது. கோபமும் விளக்கமும் ஒன்றாய்த்தான் குடும்பத்தில் இருக்கும்.

பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானம் விட்டதும் எனக்கு யோசனை வந்தது. திருச்சியில் என்னுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி ரஞ்சி இருக்கிறாள். உடுப்பிட்டிக்காரி, கலியாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டாள். அவளிடம் சொன்னேன். மலை ரயிலுக்கு முன்பதிவு அறுபது நாளுக்கு முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும், அன்றைக்கே முடிந்துவிடும் என்று அவள் சொல்லி, அதே நாளில் கைபேசியோடு உட்கார்ந்து இரண்டு சீட் எடுத்துத் தந்தாள். இரண்டாம் வகுப்பு, ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்குள். இங்கே சொல்லும் ரூபாய் எல்லாம் இந்தியக் காசு. விமானத்துக்கு மட்டும் இருவரும் போய்வர இலங்கைக் காசில் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் ஆனது. இந்திய விசாவை இணையத்திலேயே எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் போகிறோம் என்ற கதை வெளியே வந்ததுதான் தாமதம், வீட்டு வாசலில் பார்சல்கள் வரத் தொடங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து யார் எங்கே போனாலும் இதுதான் நடக்கும் என்பது ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரஞ்சியின் தமக்கை தந்த மிளகாய்த்தூள் மூன்று கிலோ, ரஞ்சியின் மாமி தந்த பருத்தித்துறை வடை இரண்டு பெட்டி, ரஞ்சியைத் தெரியவே தெரியாத ஒருவர் தந்த, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா. என்னுடைய உடுப்புக்கு மிஞ்சிய இடம் ஒரு தலையணை உறை அளவுதான். "ரெண்டு சுவெற்றர் வைக்க இடமில்லை, ஒடியலுக்கு இடம் இருக்குதோ?" என்று நான் கத்த, இவர் பேசாமல் தன்னுடைய சுவெற்றரை எடுத்துவிட்டு ஒடியலை வைத்தார். அதற்குரிய தண்டனையை ஊட்டியில் அனுபவித்தார்.

கோப்பாயிலிருந்து பலாலிக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலம். விமானம் பின்னேரம். ஏறி, பெல்ற் கட்டி, தண்ணீர் குடித்து முடிக்க இறங்கச் சொல்லிவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம்தான். கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தில் திருச்சிக்கு நாலு தரம் போய்வந்துவிடலாம். அன்றிரவு ரஞ்சி வீட்டில் தங்கினோம். பார்சல்களை இறக்கியதும் என் தோள் இரண்டும் வீட்டுக்கு வந்தமாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலை கோயம்புத்தூருக்குக் கிளம்பினோம். "ரெயில்லை போனால் சுகமாப் போயிடுவியள், கால் நீட்டி இருக்கலாம்" என்றாள் ரஞ்சி. நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். பஸ்ஸில்தான் போனோம். ஐந்தரை மணித்தியாலம், ஆளுக்கு இருநூற்றிருபது ரூபாய். அங்கே காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் மேட்டுப்பாளையம், இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம். நீங்கள் போவதென்றால் தயவு செய்து ரயிலில் போங்கள். எங்கள் வீட்டு வீம்பு உங்களுக்கு வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஸ்டேசனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு லொட்ஜில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அறை எடுத்தோம். சுத்தமாய் இருந்தது, வெந்நீர் வந்தது, அதற்கு மேல் என்ன வேண்டும்.

ரயில் காலை ஏழு பத்துக்கு. இவர் ஐந்தரைக்கே குளித்து, திருநீறு பூசி, கலியாண வீட்டுக்குப் போகிறவர்மாதிரி வெள்ளைச் சேட்டுப் போட்டு நின்றார். "புகை பிடிக்கப் போகுது, வெள்ளையைப் போடாதேங்கோ" என்றேன். "புகை பிடிக்கட்டுமன். அதுக்குத்தானே வந்தனாங்கள்" என்றார்.

நீல நிறத்தில், பித்தளைக் குழாய்களோடு, எஞ்சின் ஸ்டேசனில் நின்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அது மூச்சு விட்டது. சும்மா நிற்கும்போதே உஸ்ஸு உஸ்ஸென்று அடிவயிற்றிலிருந்து ஆவி வந்தது. கிட்டப் போனால் முகத்தில் சூடு அடித்தது. இவர் பத்து நிமிடம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தைப் பார்த்தார், சக்கரத்தைத் தள்ளும் தண்டைப் பார்த்தார், குனிந்து அடியில் தண்டவாளத்தின் நடுவே ஓடுகிற பல் வைத்த தண்டவாளத்தைப் பார்த்தார். மலை செங்குத்தாய் ஏறும் இடத்தில் எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுமாம். பிறகு எஞ்சின்காரரிடம் போய்க் கரி எங்கே என்று கேட்டார். "இது எண்ணெய்ல எரியுது சார்" என்று அவர் சொன்னதும் இவருடைய முகம் ஒரு கணம் விழுந்தது. எண்ணெயென்றால் ஏறமாட்டேன் என்று நின்றுவிடுவாரோ? நல்ல காலம், தானே சமாதானம் ஆகிவிட்டார்.

"எண்ணெய் எண்டாலும் கொதிக்கிறது தண்ணிதானே. காணும்."

ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. அது தெரியாமல் நாங்கள் எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டிதான் முதல் பெட்டி என்று நினைத்து, சாமானோடு அங்கே ஓடி, பிறகு எங்கள் பெட்டி மற்றப் பக்கம் என்று தெரிந்து, பிளாட்பாரம் முழுக்கத் திரும்பி ஓடினோம். எங்கள் பெட்டியில் எதிரே மதுரையிலிருந்து வந்த ஒரு அக்கா, அவருடைய கணவர், இரண்டு மகள்கள். அக்கா மூச்சிரைக்க வந்த எங்களைப் பார்த்து, "மெதுவா வாங்க, நீங்க ஏறாம வண்டி எங்க போயிரப் போகுது" என்று இடம் விட்டு, இருந்த உடனே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். ரஞ்சி வடையிலும் ஒடியல் மாவிலும் கொஞ்சம் எங்களுக்கென்று திருப்பிக் கட்டித் தந்திருந்தாள், நான் பருத்தித்துறை வடையை எடுத்தேன். குன்னூர் வரைக்கும் நீடித்த சிநேகிதம் அந்த இடத்தில் தொடங்கியது.

விசில் ஊதி ரயில் நகர்ந்தபோது இவர் என் கையைப் பிடித்தார். இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தரம். ரயில் கொஞ்சத் தூரத்திலேயே பவானி ஆற்றைக் கடந்தது. ஆறு! எங்கள் ஊரில் கிணறு உண்டு, குளம் உண்டு, கடல் உண்டு, ஆறு கிடையாது. தண்ணீர் இப்படிக் காசில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, வடிவாகவும் இருந்தது. பிறகு கமுகந்தோட்டங்கள், அதற்குப் பின்னால் மலை. மலையென்றால் கீரிமலை என்று பெயரில் மட்டும் கண்டவர்கள் நாங்கள். அது இவ்வளவு உயரமாய் நேருக்கு நேராய் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

கல்லாறு என்ற இடத்தில் பல் தண்டவாளம் தொடங்குகிறது. அங்கிருந்து ரயில் நடக்கும் வேகம்தான். இறங்கிப் பூப்பறித்துவிட்டுத் திரும்ப ஏறலாம், அப்படி ஏற விடமாட்டார்கள் என்பது வேறு கதை. கடகடவென்று பல் பிடிக்கும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறை. வளைவுகளில் தலையை நீட்டினால் பின்னால் எஞ்சின் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு தள்ளுவது தெரிந்தது. இவர் ஒவ்வொரு வளைவிலும் "அந்தா, அந்தா!" என்று எனக்குக் காட்டினார். மதுரை அக்காவுக்கும் காட்டினார். அக்காவின் கணவரைத் தட்டியெழுப்பிக் காட்டினார். இவ்வளவு கதைக்கிற மனிதரா இவர் என்று எனக்கே ஆச்சரியம்.

பிறகு முதல் குகை வந்தது.

இங்கே எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரயில் குகைக்குள் நுழைந்து இருட்டாகியதும் எல்லாப் பெட்டியிலும் எல்லோரும் சேர்ந்து "ஓ...!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். சந்தோசத்தில் கத்துவதுதான். சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும்.

திடீரென்று இருட்டு. அடுத்த கணம் நூறு பேர் அலறும் சத்தம், அதோடு எஞ்சினின் அதிர்வு. நான் என்ன செய்தேன் என்பது வெளிச்சம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இவரும் அப்படியேதான் இருந்தார். பெட்டியில் அப்படிக் குனிந்திருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"என்னண்ணே, குனிஞ்சிட்டீங்க? பாறை தலையில இடிக்காதுண்ணே!" என்று மதுரை அக்கா சிரித்தார். பெட்டியே சிரித்தது. அவரில் ஒரு பிழையும் இல்லை, பார்த்தால் சிரிப்பு வரும்தான். நாங்களும் சிரித்தோம். ஆனால் இவருடைய வெள்ளைச் சேட்டின் முதுகு நனைந்திருந்தது.

எங்கள் வயதுக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்தால் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, அவர்களுக்கு விளங்கிவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் பிள்ளைகளாய் இருந்தபோது வீட்டுக்கு வீடு நிலத்துக்கடியில் பங்கர் வெட்டியிருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அதற்குள் இறங்கிக் குனிந்து காதைப் பொத்த வேண்டும். முக்கியமாய், சத்தம் போடக்கூடாது. அழுகிற பிள்ளையின் வாயைப் பெரியவர்கள் கையால் பொத்துவார்கள். இருட்டுக்குள் யாராவது அலறினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அதெல்லாம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, நான் அதை நினைப்பதுகூட இல்லை. ஆனால் என் முழங்கால் நினைத்து வைத்திருந்திருக்கிறது.

இரண்டாவது குகையிலும் குனிந்தோம். மூன்றாவதிலும். இவர் எஞ்சின் காட்டுவதை நிறுத்திவிட்டார். புகையைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை, அடுத்த வளைவில் இருட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹில்குரோவ் என்ற ஸ்டேசனில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்ப ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். தேத்தண்ணி, சூடான வடை, வடையைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள். இவர் இறங்கி, பிளாட்பாரத்து வாங்குப் பலகையில் போய் இருந்தார்.

"நான் இனி ஏறேல்லை" என்றார்.

"என்ன?"

"நீர் போம். நான் இதிலை நிண்டு பஸ் பிடிச்சு வாறன்."

"பஸ்ஸோ? சுத்திவரப் பாருங்கோ. காடு! ரோட்டு எங்கை இருக்கு? குரங்கோடை நிண்டு என்ன பஸ் பிடிக்கப் போறியள்?"

அவர் பகிடிக்குக்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்தில் எங்கள் பெட்டியின் பிரேக்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் பிரேக் பிடிக்க இப்படி ஒருவர் கொடியோடு நிற்கிறார். இவர் அவரிடம், "இன்னும் எத்தினை குகை?" என்று கேட்டார்.

"ஊட்டி வரைக்கும் மொத்தம் பதினாறு சார். இன்னும் நிறைய இருக்கு. அதுதானே சார் ஜாலியே!"

நான் தலையில் கைவைத்தேன். எனக்கு இவரைத் தெரியும். இவருடைய முதல் ரயில் இது. இதிலிருந்து பாதி வழியில் இறங்கினால் இனிச் சாகும்வரை எந்த ரயிலிலும் ஏறமாட்டார். புகை ரயில், டீசல் ரயில், ஒன்றிலும் இல்லை. அதைவிட, இவ்வளவு காலமும் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஒரு சந்தோசத்தை இப்படிக் காட்டுக்குள் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

"இஞ்சரும்" என்றார் இவர் மெதுவாக. "எங்கடை பங்கருக்கு மேலை என்ன போட்டிருந்தது தெரியுமே? ரெயில் தண்டவாளம். ரெயில் நிண்ட பிறகு கழட்டிக்கொண்டு வந்தது. நானும் அண்ணையும் அதுக்குக் கீழைதான் இருப்பம். நான் முதல்முதல் தொட்டுப் பார்த்த தண்டவாளம் தலைக்கு மேலைதான் இருந்தது."

இது எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் கோபம்தான் முதலில் வெளியே வரும்.

"நானும் குனிஞ்சனான்தானே? நான் மட்டும் என்ன, சும்மாவோ இருந்தனான்? எனக்கும் நெஞ்சு பட பட எண்டுது. எண்டாலும் நான் ஏறப்போறன். ஏறி, அடுத்த குகைக்குள்ளை நானும் கத்தப்போறன். சனம் எல்லாம் கத்துது, எங்களுக்கு மட்டும் ஏன் வாய் இல்லை? நீங்கள் வந்தால் வாங்கோ, வராட்டி குரங்குக்கு ஒடியல் மா பிசைஞ்சு குடுங்கோ!"

எஞ்சின் விசில் ஊதியது. சனம் ஓடிப்போய் ஏறியது. இவர் வாங்கில் இருந்தபடி எஞ்சினைப் பார்த்தார். நான் ஏறிவிட்டேன், ஏறிவிட்டு வாசலிலேயே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரேக்காரர், "சார், வண்டி கிளம்புது, ஏறுங்க" என்றார். இவர் எழும்பி வந்து, பிரேக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எஞ்சின் பின்னாலை நிக்குது. அப்ப டிரைவருக்கு முன்னாலை என்ன வருதெண்டு எப்பிடித் தெரியும்?"

"அவருக்குத் தெரியாது சார். முன்னாடி நிக்கிற ஆள் கொடி காட்டுவாரு, அதைப் பார்த்து நாங்க ஒவ்வொருத்தரா பின்னாடி காட்டுவோம். கொடியை நம்பித்தான் தள்ளுவாரு."

"குகைக்குள்ளையுமோ?"

"குகைக்குள்ளயும்தான் சார்."

இவர் ஏறினார். ஏன் ஏறினார் என்று நான் பிறகு கேட்டேன். "எஞ்சின் பாவம், அதுவே ஒண்டும் தெரியாமல்தானே போகுது" என்றார். எஞ்சின் திருத்துகிறவருக்கு எஞ்சின் மேல்தான் பாசம், பெண்சாதி கத்தியதெல்லாம் கணக்கில் இல்லை.

அடுத்த குகை வந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், சத்தம் வரவில்லை. ஊரில் மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கும் எனக்கு, வாசலில் நிற்கும் கடைசி ஆள்வரைக்கும் கேட்கக் கத்திப் பழக்கம். அந்த இருட்டில் வெறும் காற்றுத்தான் வந்தது. ஆனால் குனியவில்லை. இரண்டு பேரும் நிமிர்ந்து இருந்தோம், அவருடைய விரல்கள் என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தன.

அதற்கடுத்ததில் எனக்கு ஒரு சின்னச் சத்தம் வந்தது, பூனைக்குட்டிச் சத்தம். மதுரை அக்கா கேட்டுவிட்டார். "அப்படித்தான்! இன்னும் சத்தமா!" என்றார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. யாரோ கூச்சப்படுகிறார்கள், கூச்சத்தைப் போக்குவோம் என்றுதான் நினைத்தார். அடுத்த இருட்டு வந்ததும் தன் மகள்களையும் சேர்த்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "ம், ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று எண்ணினார்.

கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியாத ஒரு குரல் வயிற்றிலிருந்து வந்தது. எனக்குப் பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய ஒரு சத்தம் கேட்டது. இவர் "ஓ" என்று கத்தவில்லை. "கூ...! கூ...!" என்று கத்தினார். ரயிலே இல்லாத ஊரில், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் ரயில் ஓடி விளையாடிய பிள்ளைகள் போட்ட சத்தம் அது. பின்னாலிருந்து எஞ்சின் உண்மையான கூவோடு குகைக்குள் வந்தது. இவர் அதற்குப் பதில் கூவினார். வெளிச்சம் வந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் ஓட, வாய் முழுக்கச் சிரிப்போடு இருந்தார். வெள்ளைச் சேட்டில் புகைக்கரி.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. குகை வராதா வராதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தால் எங்கள் பெட்டி "கூ", மற்றப் பெட்டிகள் "ஓ". அக்காவின் மகள்களும் எங்கள் கட்சிக்கு மாறிவிட்டார்கள். நடுவில் மலைச்சரிவெல்லாம் தேயிலை வந்தது, ஒரு அருவி வந்தது, பள்ளத்தில் பாலம் வந்தது, பத்தரை மணிபோல் குன்னூர் வந்தது. இவ்வளவு சந்தோசமாய் நான் என் வாழ்க்கையில் எந்தப் பயணமும் போனதில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டுவார்கள். அங்கிருந்து ஊட்டிவரை டீசல்தான். பிளாட்பாரத்தில் நின்று அதைப் பார்த்தவர், நான் பயந்துகொண்டிருக்க, ஒன்றும் சொல்லாமல் திரும்ப ஏறி இருந்தார். "டீசல்" என்றேன். "முதல் ஏறினது புகை ரெயில்தானே. இனி எதிலையும் ஏறலாம்" என்றார். ஊட்டியில் ஒரு மணித்தியாலம் குளிரில் நடுங்கிவிட்டு, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கம்பளிச் சுவெற்றர் வாங்கினார். கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்குத் திரும்பியது ரயிலில். யன்னல் கரையில் நாலு மணித்தியாலமும் கண்ணை மூடவில்லை.

குன்னூர் பிளாட்பாரத்திலிருந்தே தன் அண்ணைக்குப் போன் எடுத்தார். அண்ணை கோப்பாயில் பக்கத்து வளவில் இருக்கிறார். சத்தத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"என்னடா தொண்டை கட்டிப்போச்சு? குளிரே?"

"இல்லை அண்ணை. கத்தினனான்."

"ஆரோடை சண்டை?"

"ஒருத்தரோடையும் இல்லை. குகைக்குள்ளை. நல்ல இருட்டு அண்ணை. அதுக்குள்ளை இருந்து எல்லாரும் சந்தோசத்திலை கத்துறாங்கள். நானும் கத்தினனான்."

லைன் அறுந்துவிட்டதென்று இவர் கைபேசியைத் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணையின் குரல் வந்தது.

"எனக்கும் ஒரு டிக்கெற் போடு."

போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுங்கள், சனி ஞாயிறுக்கு நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். முதல் வகுப்பு இரண்டு மடங்கு விலை, பெட்டி ரயிலின் முன்பக்கத்தில் இருப்பதால் காட்சி நல்லது. எங்கள் இரண்டாம் வகுப்பிலும் ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டுக்காரர் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் மண் சரிந்து ரயிலை நிறுத்திவிடுவார்கள், ஆகவே மாசி, பங்குனி நல்லது. இடப்பக்கச் சீட் கிடைத்தால் குன்னூர் வரைக்கும் பள்ளத்தாக்குப் பெரும்பாலும் உங்கள் பக்கம். ரயிலுக்குள் கழிவறை இல்லை, நிற்கிற இடங்களில் போய்விடுங்கள். ஹில்குரோவில் வடை வாங்கினால் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சாப்பிடுங்கள், குரங்குகளுக்கு வெட்கம் கிடையாது. சுவெற்றரை எடுத்துவிட்டு ஒடியல் மா வைக்காதீர்கள்.

கடைசியாய் ஒன்று. குகை வந்தால் கூச்சப்படாமல் கத்துங்கள். உங்கள் பெட்டியில் யாராவது கத்தாமல், காதைப் பொத்தி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தால் என்ன ஏது என்று கேட்காதீர்கள். மதுரை அக்கா எங்களுக்குச் செய்ததுபோல அவர்கள் பக்கம் திரும்பி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். முதல் தரம் சத்தம் வராது. இரண்டு மூன்று குகை பொறுங்கள். அவர்கள் தொடங்கிவிட்டால் பிறகு காதைப் பொத்த வேண்டியவர் நீங்கள்தான்.